டப்பாக்காரி

வீட்டில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அண்ணன் வைத்தது. பேச ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும், அணைக்கிற பொத்தானும் கிடையாது என்பான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விலங்கியல் படிக்கும் இந்தப் பெண் சரியான பயந்தாங்கொள்ளி என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவளுக்கு நேர் எதிர். பயம் கூடக்கூட வாய் வேகம் பிடிக்கும். பட்டிமன்ற மேடைகளில் அவள் வாங்கிய கோப்பைகள் எல்லாம், உண்மையைச் சொன்னால், நடுக்கத்துக்குக் கிடைத்த கோப்பைகள்.

அந்த வருடம் அவளுக்கு முதல் ஓட்டு. மாநிலத் தேர்தல். ஆளுங்கட்சி கல்லூரிகளுக்கான மானியத்தை வருடா வருடம் வெட்டிக்கொண்டே வந்திருந்தது. ஆய்வகத்தில் பாதி நுண்ணோக்கிகளுக்கு பல்பு கிடையாது. ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய் வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நூலகத்தை மத்தியானமே பூட்டிவிடுவார்கள். கட்டணம் ஏறியது, ஏறியதை அண்ணன் கட்டினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் எல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிச் சம்பாதிக்கிற பணம் அது.

எதிர்க்கட்சி மானியத்தை அப்படியே திருப்பித் தருகிறேன் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. ஆட்சிக்கு வந்தால் கருக்கலைப்புக்குத் தடை. செய்துகொள்கிற பெண்ணுக்கும் தண்டனை, துணைக்குப் போகிறவருக்கும் தண்டனை. அண்ணன் அந்தக் கட்சியின் ஸ்டிக்கரை வாசல் கதவிலேயே ஒட்டியிருந்தான். தங்கச்சி படிப்புக்கும் ஆச்சு, பாவத்துக்கும் ஒரு முடிவு வந்த மாதிரி ஆச்சு என்று ரெட்டிப்பு சந்தோஷம் அவனுக்கு.

'துணைக்குப் போகிறவருக்கும்' என்ற இடத்தை ஸ்பீக்கர் இரண்டு தடவை படித்தாள். அவள் போயிருந்தாள்.

போன வருடம் மழைக்காலத்தில் அண்ணி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அண்ணி செத்துப் பிழைத்தவள். கொஞ்ச வருடத்துக்கு இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணனிடம் சொன்னால், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, ஒண்ணும் ஆகாது" என்பான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் எது ஆனாலும் அண்ணிக்குத்தானே ஆகும்.

அண்ணி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அன்றைக்கும் வேலைக்குப் போகிற மாதிரியே அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். எல்லாம் முடிந்து மருத்துவமனைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. "நிறைஞ்ச டப்பாவோட போனா ஏன்னு கேப்பாங்க" என்று சொல்லி, அத்தனையையும் அங்கே சுற்றிக்கொண்டிருந்த நாய்க்குப் போட்டாள். பக்கத்துக் குழாயில் டப்பாவைக் கழுவித் துப்பட்டாவால் துடைத்தாள். "உசுரே போனாலும் வெளிய சொல்லிடாதே" என்றாள். ஸ்பீக்கர் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சத்தியத்தைக் காப்பாற்றியும் வந்தாள், பட்டிமன்றம் வரும் வரை.

அந்தக் கல்லூரியின் பட்டிமன்றத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. பாதியில் மணி அடிக்கும். அடித்ததும் இரு தரப்பும் நாற்காலி மாறி உட்கார்ந்து, அதுவரை எதிர்த்ததை ஆதரித்துப் பேச வேண்டும். அரசியல்வாதிகள் கூச்சமில்லாமல் செய்வதை மாணவர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும் என்று, மன்றத்தை நடத்தும் பொருளாதார மேடம் சொல்வார். இரண்டாவது விதிதான் வில்லங்கம். ஒவ்வொரு பேச்சிலும் கண்ணால் கண்ட சம்பவம் ஒன்று இருக்க வேண்டும். கட்டுக்கதை என்று தெரிந்தால் மதிப்பெண் போச்சு.

தேர்தல் நெருங்கிய சமயம், இறுதிச் சுற்றுக்குத் தலைப்பு போட்டார்கள்: 'மாணவர் ஓட்டு கல்விப் பணத்துக்கா, கருக்கலைப்பு உரிமைக்கா?' ஸ்பீக்கருக்குச் சீட்டுக் குலுக்கலில் கல்விப் பணம் விழுந்தது. மணி அடித்தபின் மாறித்தானே ஆக வேண்டும், அதற்கு ஒரு செய்தித்தாள் சம்பவத்தை ஒப்பேற்றிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தாள். அரங்கில் பார்த்தால் முதல் வரிசையில் அண்ணன். அரை நாள் லீவு போட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து, கைதட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். அண்ணி மட்டும் வேலையில் இருந்தாள்.

முதல் பாதியில் பிளந்து கட்டினாள். நுண்ணோக்கியை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் கதையைச் சொன்னபோது அரங்கம் சிரித்தது. "மேகம் வந்தா எங்களுக்கு லீவு" என்றாள். அண்ணன் விசிலே அடித்துவிட்டான். மணி அடித்தது.

நாற்காலி மாறினாள். எதிரணியின் நெட்டைப் பையன் எழுந்து, அவள் ஒப்பேற்ற வைத்திருந்த அதே செய்தித்தாள் சம்பவத்தைச் சொல்லி, "இதை யாரும் கண்ணால பார்க்கல, எல்லாரும் பேப்பர்ல பார்த்ததுதான். இதைத்தான் அடுத்து இவங்க சொல்லப் போறாங்க" என்று குத்திவிட்டு உட்கார்ந்தான். அரங்கம் ஆர்ப்பரித்தது. அவளுக்குக் கைகால் உதறியது. உதறினால்தான் வாய் ஓடுமே, ஓடியது. எங்கே ஓடுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தபோது, அதில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நாய்க்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறைஞ்ச டப்பாவோட வீட்டுக்குப் போக ஒரு பொம்பளைக்குப் பயம். இந்தப் பயத்துக்கு மேல சட்டம் வேற எதுக்கு?" என்று முடித்தாள்.

கைதட்டல் எழுந்தது, கோப்பையும் அவளுக்கே வந்தது. அதை வாங்கும்போது அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைதட்டிக்கொண்டிருந்தான். அம்மா தட்டவில்லை. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். தலையில் அடித்துச் செய்த சத்தியம் இது.

சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்து பரிமாறினாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினான்.

"உன் நாத்தனா இன்னைக்கு எல்லாரையும் அழ வெச்சுட்டா. யாரோ ஒருத்தி, வேலைக்குப் போறேன்னு புருஷன்கிட்ட பொய் சொல்லிட்டுக் கலைக்கப் போனாளாம். போயிட்டு வந்து டப்பாவை நாய்க்குக் கொட்டினாளாம்!"

அண்ணியின் கையில் இருந்த கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் அப்படியே நின்றது. அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"யாரு ஸ்பீக்கர் அது? நம்ம தெருவா?"

"சும்மா கற்பனைண்ணா."

"அடிப்பாவி! கண்ணால பார்த்ததைத்தானே சொல்லணும்? அப்போ கோப்பையைத் திருப்பிக் குடு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "இல்ல, நீ பார்த்திருக்கே. கழுவித் துடைச்ச வரைக்கும் சொன்னியே. அந்தப் புருஷன்காரனை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. யாராவது அவன்கிட்ட சொல்ல வேணாமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயத்தில் ஸ்பீக்கருக்குப் பேச்சு வரவில்லை.

"இங்க வாடி," என்று சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

அம்மா தையல் ஃபேக்டரியில் உருப்படி சரிபார்க்கிறவள். ஒரு தையல் பிசகினாலும் துணியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடும் கண். அரசியல் பேச்சு வந்தால் மட்டும், "எனக்கு என்ன தெரியும், அவன் சொல்ற சின்னத்துல குத்திட்டு வரேன்" என்பாள். அப்பா இருந்தவரை அவர் சொன்ன சின்னம், அவர் போனபின் மகன் சொல்லும் சின்னம்.

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் கிசுகிசுத்தாள்.

"யாருடி உனக்குச் சொன்னது?"

"என்னதும்மா?"

"மழுப்பாதே. டப்பா விஷயம். அன்னைக்கு எனக்குத் துணைக்கு வந்தவளும் செத்துப் போயிட்டா. உங்கப்பாகூடத் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாரு. அப்போ உனக்கு யாரு சொன்னா?"

ஸ்பீக்கருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா சொல்வது அண்ணியின் டப்பாவை இல்லை.

"உங்கண்ணன் கைக்குழந்தை. உங்கப்பாவுக்கு வேலை போயிடுச்சு. நான் ஷிஃப்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். டப்பாவை அப்படியே கொண்டு வந்தா கேள்வி வருமேன்னு கொட்டிட்டேன். நாய்க்குத்தான்." அம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. "அவ்வளவு பேர் முன்னாடி பெத்தவளை இப்படி நிக்க வெச்சுட்டியே. அவன் பக்கத்துல உக்காந்து நான் கேட்டுட்டு இருக்கேன். எனக்கு மூச்சே வரல. அவனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பானா?"

அம்மாவை இப்படி நடுங்கி அவள் பார்த்ததே இல்லை. 'அது நீ இல்லம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை போதும், அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வரும். அடுத்த கேள்வி, 'அப்போ யாரு?' என்று வரும். அம்மாவைக் காப்பாற்றினால் அண்ணி போனாள், அண்ணியைக் காப்பாற்றினால் அம்மா இப்படியே நடுங்கட்டும். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் துரோகம்தான். ஸ்பீக்கர் அழுதாள்.

கதவு திறந்தது. அண்ணி காலிப் பாத்திரத்தோடு நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. உள்ளே வந்து, பாத்திரத்தை மேடைமேல் வைத்தாள்.

"அத்தை, அவ உங்களைச் சொல்லல." அண்ணியின் உதடு வெளுத்திருந்தது. "என்னைச் சொன்னா. போன வருஷம், மழையில."

அம்மா அவளையே பார்த்தாள். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த அண்ணியின் டப்பாவைப் பார்த்தாள். திட்டப் போகிறாள், கத்தப் போகிறாள் என்று ஸ்பீக்கர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது, அம்மா மருமகளின் அடிவயிற்றில் கை வைத்து, "இப்ப வலி ஏதும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி தலையை ஆட்டினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்துவிட்டான். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தட்டோடு, சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"என்ன, மூணு பேரும் மாநாடு போடறீங்க? ஸ்பீக்கர் அழறா? ஏய், நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பார்வை அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. குரல் மெதுவாக இறங்கியது. "அந்த டப்பாக்காரி யாரு?"

அண்ணி வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா குழாயை மூடினாள். மருமகளுக்கு முன்னால் வந்து நின்றாள். முந்தானையை இன்னும் முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான்தான்டா," என்றாள்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"தட்டை வெச்சுட்டுக் கையைக் கழுவு," என்றாள் அம்மா. "அப்புறம் உக்காரு, சொல்றேன். கேட்டு முடிச்சதும், அந்த வாசல் ஸ்டிக்கரை நீ கிழிக்கறியா, நான் கிழிக்கட்டுமான்னு முடிவு பண்ணிக்கலாம்."