இறக்கத்தில் கைவிடும் பிரேக்

என் எதிர்வீட்டுக்காரர் மலையிலிருந்து டீசல் பிக்கப் வண்டியில் ஜல்லி இறக்குபவர். புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், சில மாதங்களாக அவரைப் பாடாய்ப் படுத்தியது. அவர் சுமையோடு இறங்கினால் திடீரென்று விட்டுவிடும். மெக்கானிக் ஓட்டினால் ஒழுங்காகப் பிடிக்கும். சுவிட்சையும் வயரையும் மாற்றியும் பயனில்லை.

“வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு. உங்க மூஞ்சியப் பார்த்தாத்தான் அதுக்குக் கோபம் வருது” என்று மெக்கானிக் சிரித்தது அவருக்கு மேலும் எரிச்சலூட்டியது.

உயிரைப் பணயம் வைக்க இயலாது என்று வண்டியை விற்கத் துணிந்தார். அடிவாரத்தில் தரகர் காத்திருக்க, கடைசி நடையில் மனைவியும் உடன் வந்தார். சரிவில் பிரேக் மறுபடியும் விட்டது.

“பாத்தியா, சனியன்!” என்று கத்தினார்.

“மெக்கானிக் ஓட்டிப் பாத்தப்ப நானும் கூட இருந்தேனே, அவரு இடது கால் கீழ இருந்துச்சு. நீங்க ஏன் கிளட்சை அழுத்திக்கிட்டே வர்றீங்க?” என்று மனைவி கேட்டார்.

சரிவென்றால் அச்சத்தில் அவர் கால் தானாகவே கிளட்சுக்குப் போய்விடும். கிளட்சு அமுங்கினால் அந்தப் பிரேக் விடுபடும்படிதான் வண்டியை அமைத்திருந்தார்கள். காலை எடுத்தார், வண்டி உறுமிக்கொண்டு நிதானமடைந்தது.

“இன்னும் விக்கணுமா?”

“பேசாம வா!”

அடிவாரத்தில் சிரித்தபடி வந்த தரகரிடம், “விக்கல, போய்யா!” என்று எரிந்துவிழுந்தார்.