கடையில் மீன் வாங்கும் ஸ்டெய்ன்வோர்

வெள்ளிக்கிழமை மாலையில் ஸ்டெய்ன்வோர் கடைக்கு வந்து ஒரு ஹாடக் மீன் வாங்குவார். நான் கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். உறைபெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து, ரொட்டியோடும் காபித்தூளோடும் சேர்த்து என் முன்னால் வைப்பார். ரசீது வேண்டுமா என்று நான் கேட்பதே இல்லை. அதற்குள் கை நீண்டிருக்கும்.

வேறு ஊராக இருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஐஸ்லாந்தின் மேற்கில், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைகிற ஃபியோர்டு ஒன்றின் ஓரத்தில், படகுகளை நம்பி இருக்கிற ஊர். இங்கே கடையில் மீன் வாங்குகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள்தான். படகு கரைக்கு வந்ததும் துறையில் யார் நின்றாலும், "சட்டிக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போ" என்று பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாதிரியாருக்கும் கிடைக்கும், தபால்காரருக்கும் கிடைக்கும். அதைப் பரிசு என்று யாரும் நினைப்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால்தான், என்ன கோபம் என்று கேட்பார்கள்.

ஸ்டெய்ன்வோரோ நாள் முழுக்க மீனுக்கு நடுவில் நிற்கிற பெண்மணி. துறைமுகத்தில் எடை போடுவது அவர் வேலை. ஒவ்வொரு படகும் வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. எடைக்கொட்டகையில் அவர் எழுதுவதுதான் அந்தக் கணக்கில் ஏறும்.

"துறையிலேயே குடியிருந்துக்கிட்டு கடைக்கு வந்து மீன் வாங்குற ஒரே ஆள் நீதான், ஸ்டெய்ன்வோர்," என்று வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சீண்டுவார்கள். "படகுக்காரங்களோட என்ன சண்டை உனக்கு?"

"சண்டையெல்லாம் இல்ல. இந்த மீன்ல முள்ளு கம்மி," என்பார்.

நானும் கேட்டதில்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு இந்தக் கல்லாவுக்கு வந்தவள் நான். பேசுவதைவிடப் பார்ப்பதுதான் எனக்கு வரும்.

கோடையில் எங்கள் ஊராட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும். புல் வெட்டுவார்கள், வேலிக்குச் சாயம் அடிப்பார்கள். சிலரைத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் என் மகள் ஆல்ஃப்ரூனும் அப்படிப் போனாள். முதல் நாள் மாலை மூக்கு சிவந்து வீடு திரும்பினாள்.

"இந்த ஊர்ல படகு வச்சிருக்கிற யாருக்கும் உறவில்லாதவங்க கை தூக்குங்கன்னு ஸ்டெய்ன்வோர் கேட்டாங்கம்மா."

"யாரு தூக்கினா?"

"ஒருத்தரும் தூக்கல. ஸ்டெய்ன்வோரும் தூக்கல. 'அப்ப கதவைத் திறந்து வச்சுத்தான் எடை போடணும்'னு சொல்லி, கதவை இழுத்துக் கயித்தால கட்டிட்டாங்க. என்னா குளிரு, தெரியுமா?"

அந்தக் கதவை எனக்குத் தெரியும். கடையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் துறை முழுக்கத் தெரியும். பனிப்புயல் அடிக்கும் நாளிலும் எடைக்கொட்டகையின் கதவு விரியத் திறந்திருக்கும். உள்ளே அந்த அம்மாள் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நிற்பார். கதவு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மீன் தொட்டிகளில் ஐஸும் இருக்கும். ஐஸின் எடையைக் கழித்துத்தான் மீனின் எடையை எழுத வேண்டும். அதற்காக ஏதாவது ஒரு தொட்டியைக் கொட்டி, ஐஸைப் பிரித்து எடை போடுவார்கள். அதில் கண்ட அளவையே மற்ற தொட்டிகளுக்கும் கழிப்பார்கள். ஐஸ் கூடினால் கணக்கில் மீன் குறையும். படகு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். எந்தத் தொட்டியைக் கொட்டுவது என்று சொல்லும் வேலையை ஸ்டெய்ன்வோர் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்.

ஒரு நாள் ஆல்ஃப்ரூன் பையோடு வந்தாள். உள்ளே நல்ல ஹாடக். ஓட்கெய்ர் கொடுத்ததாகச் சொன்னாள். ஓட்கெய்ர், ஸ்டெய்ன்வோருக்கு அண்ணன். என் கணவர் பால்மி வேலை பார்த்தது அவர் படகில்தான். உருளைக்கிழங்கோடு வேகவைத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றிச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு மாலை, அவள் தட்டைத் தொடவே இல்லை.

"ஓட்கெய்ர் இன்னிக்கு என்கிட்ட பேசினார்," என்றாள். "'மீன் ருசியா இருந்துச்சா, கண்ணு? நாளைக்கு வரிசைக் கடைசியில ஒரு நீலத் தொட்டி இருக்கும். கொட்டுறதுன்னா அதையே கொட்டிடு. நடுவுல இருக்கிறத வெளிய இழுக்கிறது பெரிய சிரமம்'னார்."

பால்மி கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீலத்துல ஐஸ் ஜாஸ்தியா இருக்கும்," என்றார். "அள்ளிப் போடுறதே நான்தான். சொன்னா செய்யணும்ல."

"நான் வேற தொட்டியக் காட்டினா?"

"காட்டினா, அந்தப் படகுல என் வேலை அதோட சரி."

"காட்டாதேன்னு சொல்றியாப்பா?"

பால்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் மத்தியானம் ஸ்டெய்ன்வோர் கடைக்கு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. பக்கத்தில் ஆல்ஃப்ரூன், அழுத முகத்தோடு. காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று பார்த்ததும் புரிந்தது.

"நீயே எடு. பெருசாப் பாத்து எடு," என்றார் ஸ்டெய்ன்வோர். என் மகள் உறைபெட்டிக்குள் குனிந்து ஒரு ஹாடக்கை எடுத்து, தன் சம்பளத்திலிருந்தே காசு கொடுத்தாள்.

"இவ மேல தப்பு இல்ல," என்றார் என்னிடம். "நான் இங்க மீன் வாங்குறத இந்த ஊரே பாக்குது. ஏன் வாங்குறேன்னு ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லித் தந்ததில்ல. என் தப்பு அது."

நான் கல்லாவைப் பூட்டிவிட்டு அவர்கள் பின்னால் இறங்கினேன்.

படகு வந்திருந்தது. தொட்டிகளைக் கரையில் இறக்கி வைத்திருந்தார்கள். ஆல்ஃப்ரூன் நேராக ஓட்கெய்ரிடம் போய், கல்லாக உறைந்த மீனை நீட்டினாள். "நீங்க குடுத்த மீனுக்கு, இந்தாங்க."

படகில் சிரிப்பு கிளம்பியது. "இனிமே நமக்கு வலையே வேண்டாம்டா, கடைக்குப் போனாப் போதும்," என்றான் ஒருவன். "தலை எங்கம்மா? தலையில்லாத மீனை அவர் பாத்ததே இல்லையே," என்றான் இன்னொருவன். ஓட்கெய்ரும் மீனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு திறந்த கதவருகில் நின்ற தங்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எந்தத் தொட்டி?" என்று கேட்டார் ஸ்டெய்ன்வோர். எல்லா நாளும் கேட்கிற அதே குரல்.

ஆல்ஃப்ரூன் தன் அப்பாவை ஒரு முறை பார்த்தாள். "நடுவுல இருக்கிற அந்தச் சாம்பல் நிறத் தொட்டி."

பிறகு பால்மி தொட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏறினார். முன்னால் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி, சாம்பல் தொட்டியை வெளியே எடுத்து வந்து வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொட்டினார்கள். மேலே ஒரு படலம் ஐஸ், கீழே முழுக்க காட் மீன்.

"அந்த நீலத்தையும் கொட்டுங்க," என்றார் ஸ்டெய்ன்வோர்.

இரண்டு ஐஸ் குவியல்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. மற்றதை ஒரு வாளியில் அள்ளிவிடலாம். துறையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓட்கெய்ர் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரே வயித்துல பொறந்தவ நீ," என்றார் தணிந்த குரலில்.

"அதனாலதான் கதவைத் திறந்து வச்சிருக்கேன்."

ஸ்டெய்ன்வோர் எழுத ஆரம்பித்தார். எழுதும்போது அவர் உதடுகள் வெளுத்திருந்தன. பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்கு இது சுலபமாக இருக்கும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். சுலபமில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

அரசு அதிகாரிகள் ஓட்கெய்ரின் படகைச் சில வாரங்கள் கடலுக்குப் போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டார்கள். பால்மி சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். படகு மறுபடி கிளம்பியபோது அவரைக் கூப்பிடவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்டெய்ன்வோர் மீனோடு என் முன்னால் வந்து நின்றார்.

"பால்மி வீட்டுல இருக்கிறதுக்கு நான்தான் காரணம். உன் பொண்ணு இல்ல. யாராவது அவளை ஏதாவது கேட்டா, என்கிட்ட அனுப்பு."

ஆறுதலாக வேறொன்றும் சொல்லவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு போனார். சிலர் ஆல்ஃப்ரூனைக் கேட்கத்தான் செய்தார்கள். நான் அவர் சொன்னபடியே அனுப்பினேன். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் வீட்டில்தான் அவர் புகையூட்டிய ஆட்டிறைச்சி சாப்பிடுவார். வேறு குடும்பம் அவருக்கு இல்லை. அந்த டிசம்பரில் ஒரு ஆளுக்குப் போதுமான சின்னத் துண்டைக் கடையில் வாங்கினார். நான் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபோது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கை மட்டும் ரசீதுக்காக நீண்டது.

அடுத்த கோடையில், வேலையின் முதல் நாள், அவர் பிள்ளைகளைத் துறைக்கு அழைத்துப் போகவில்லை. வரிசையாகக் கடைக்குக் கூட்டி வந்தார். உறைபெட்டியைத் திறந்து ஒரு ஹாடக்கை எடுத்துக் காட்டினார்.

"நான் இதை ஏன் காசு குடுத்து வாங்குறேன், சொல்லுங்க பாப்போம்."

"எங்க அப்பா ஓசியில தர்றேன்னாரு, நீங்கதான் வாங்கிக்கல," என்றாள் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓசின்னா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, என் மகளின் கதையை, பெயர் சொல்லாமல், நடந்தபடியே சொன்னார். அதற்குப் பிறகுதான் துறைக்கு இறங்கி, கை தூக்கச் சொன்னார், கதவைக் கட்டினார்.

ஆல்ஃப்ரூன் இப்போது அகுரேரி நகரத்தில் படிக்கிறாள். பால்மி மீன் ஆலையில் வேலை பார்க்கிறார், கடலுக்குப் போவதில்லை. ஸ்டெய்ன்வோர் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை முதலில் என் கடைக்கு அழைத்து வருகிறார். வெள்ளிக்கிழமையில் ஹாடக் வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் இப்போது நாலைந்து பேர் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஓட்கெய்ர் படகின் மீன் திறந்த கதவுக்கு முன்னால்தான் எடை போடப்படுகிறது. அண்ணனும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.