கிளித் துணிக்குப் பின்னால்

ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கசங்கிய எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலர் மடங்கியிருந்தால் கை துறுதுறுக்கும். ஒருமுறை நீட்டியே விட்டாள். அந்த மனிதர் திரும்பி முறைத்த முறைப்பில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். அப்போதும் காலரைச் சரிசெய்யாமல் இறங்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வருடமெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கூச்சலோடு ஒரே தெருக்களைச் சுற்றி வருகிறவருக்கு, விடுமுறை விட்டால் கால் தரையில் பாவாது. இந்த முறை அவர் கொஞ்சம் துணிந்துவிட்டார். தன் அக்காவிடம் போய் அவர்களுடைய வேன் வீட்டைக் கேட்டுவிட்டார்.

வேன் வீடு என்றால் உள்ளேயே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை, அலமாரிகள் எல்லாம் வைத்த வண்டி. அக்காவின் கணவர் வெறும் கூடாக வாங்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரக் கதவையும் தன் கையால் செய்து, இழைத்து, வார்னிஷ் அடித்தவர். இப்போது அவருக்கு முழங்கால் வலி. வண்டி வாசலில் நின்றபடி இருந்தது. "ஓடாத வண்டி கெட்டுப்போகும், எடுத்துட்டுப் போ மாப்ள" என்று அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அக்காவால் மறுக்க முடியவில்லை.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடிப்பக்காவுக்கு அவர் நாத்தனார். பெரிதாகக் கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது; கொடுத்த பொருள் திரும்பி வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் மடிப்பக்காவுக்குக் குடை கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்து குடையை மடக்கி மூலையில் சாய்க்கிறாள், வாசலில் நாத்தனார் இன்னொரு குடையோடு நிற்கிறார், இதை வாங்கிப்போக. அன்றைக்குத் தம்பி அக்காவுக்கு வைத்த பெயர் திருப்பித்தா. முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்வது.

சாவியைக் கொடுக்கும்போதும் நாத்தனார் விடவில்லை.

"ஈரத் துண்ட எங்கயும் தொங்கப்போடாத. கதவு மேல போடவே போடாத."

"சரிங்க அண்ணி."

"துணியெல்லாம் வெளிய கொடி கட்டிக் காயப்போடு. கதவு மேல மட்டும்..."

"போட மாட்டேன் அண்ணி."

"அந்தத் துணி அலமாரிக் கதவுல கிளி படம் தைச்ச துணி ஒண்ணு இருக்கு. அதத் தொடாத. நானே தைச்சது."

மடிப்பக்கா தலையாட்டினாள். குடும்பத்துக்குள் வந்து இத்தனை வருடத்தில் நாத்தனார் கையிலிருந்து அவளுக்கு வந்த பெரிய பொருள் இதுதான். ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அண்ணி ஒருமுறையாவது இவளை நம்பலாம் என்று நினைக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊர் சுற்றப் போகிறவர்கள் நல்ல செருப்பு எடுத்துப் போவார்கள், கேமரா எடுத்துப் போவார்கள். மடிப்பக்கா ஆவி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் இந்த மாதிரி வண்டிகள் நிறுத்துவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. மின்சார இணைப்பும் தண்ணீர்க் குழாயும் உண்டு. முதல் நாள் வெயில் அடித்தது. ஏரியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அவர் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பேசிக் காட்டினார், அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த நாள் துணி துவைத்தாள், உடனே மழை பிடித்துக்கொண்டது.

ஈரத் துணி குவிந்து கிடந்தது. தொங்கப்போடக் கூடாது. அண்ணி சொன்னால் சொன்னதுதான். சரி, இஸ்திரி போட்டே காயவைத்துவிடலாம் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, மேல் அலமாரிகளுக்குக் கீழே மேசையை விரித்து, சட்டை, பாவாடை, படுக்கை விரிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். புஸ்புஸ்ஸென்று ஆவி மேலே போனது. வேலையில் இருக்கும்போது அவளுக்கு ஆவி போவது எங்கே தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் தெரிந்தது. மேல் அலமாரிக் கதவுகள் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சில இடத்தில் பொட்டு, சில இடத்தில் மாவு கொட்டிய மாதிரி திட்டு. முதலில் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருந்தது. அந்த வெள்ளை, வார்னிஷுக்கு உள்ளே இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

"என்ன, மழ உள்ள வந்துருச்சா?"

"வந்திருந்தா பரவாயில்ல. மழ மேல பழி போட்டிருக்கலாம்."

அவர் வந்து பார்த்தார். விசிலடிக்க வாயைக் குவித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு வைத்தியம் ஆரம்பித்தார். சமையல் எண்ணெய் தடவினார். கதவு எண்ணெய்ப் பிசுக்கானது. பற்பசை வைத்துத் தேய்த்தார். ஒரு மூலை மங்கலானது. அதற்கு மேல் அவரை விட்டால் கதவே மிஞ்சாது என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போதுதான் ஓட்டல் நினைவுக்கு வந்தது. சூடான பாத்திரம் வைத்துச் சாப்பாட்டு மேசைகளில் வெள்ளை வளையம் விழுந்தால், சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வையாளர் சலவை அறைக்கு வந்து தண்ணீர் ஊற்றாத இஸ்திரிப் பெட்டி கேட்பார். வார்னிஷில் போய் மாட்டிக்கொண்ட ஈரம்தான் அந்த வெள்ளை. இதமான சூடு காட்டினால் வந்த வழியே போய்விடும் என்பார். அதே பெட்டிதான் தன் கையிலும் இருக்கிறது, ஆனால் கதவைக் கெடுத்ததும் அதுதானே என்று அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

பெட்டியின் தண்ணீரைக் கொட்டி, கவிழ்த்து வைத்து வடியவிட்டாள். கணவர் திருகுகளைக் கழற்றி முதல் கதவை மேசைமேல் படுக்கவைத்தார். பழைய பருத்தித் தலையணை உறையை விரித்து, சூட்டை ஆகக் குறைவாக வைத்து, தூங்கும் குழந்தையைத் தொடுகிற மாதிரி வைத்தாள், எடுத்தாள். அதிக நேரம் வைத்தால் வார்னிஷ் கொப்பளித்துவிடும். உறையைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு முறை வைத்தாள். திட்டின் ஓரம் சுருங்கியிருந்தது.

"போகுதுடி" என்றார் அவர்.

"பேசாதீங்க. பேசினா சூட்டுக் கணக்கு தப்பிடும்."

மதியத்துக்குள் எல்லாக் கதவும் தேறிவிட்டன. வண்டியிலேயே மெழுகுப் பாலிஷ் டப்பா ஒன்று இருந்தது. பற்பசை பட்ட மூலைக்குப் போட்டார்கள். அது மின்னியதும் பக்கத்துக் கதவு கிழடு தட்டியது போலத் தெரிந்தது. அதற்கும் போட்டார்கள். அப்புறம் அதற்கு அடுத்ததற்கு. கடைசியில் வண்டி முழுக்கப் போட்டு முடித்தார்கள்.

மிச்சம் இருந்தது துணி அலமாரிக் கதவு. கிளித் துணியைத் தொட்டுப் பார்த்தாள், நமுத்திருந்தது. ஆவி இதற்குப் பின்னாலும் போயிருந்தால்? தொடாதே என்று சொன்னதை மீறுவதா, கறையோடு திருப்பிக் கொடுப்பதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குண்டூசிகளை எடுத்தாள்.

பின்னால் நீளமாக, மேலிருந்து கீழாக, ஒரு வெள்ளைப் பட்டை. இது நேற்றைய ஆவியில்லை. நாள்பட்டது. அகலமும் நீளமும் பார்த்தாலே சலவைக்காரிக்குத் தெரியாதா? யாரோ ஈரத் துண்டைக் கதவுமேல் போட்டு மறந்திருக்கிறார்கள்.

கணவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பூரித்துப்போனது.

"அட நம்ம திருப்பித்தா! அத்தானுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கா பாரு. இத அப்படியே விட்டுரு. இனிமே அக்கா வாயத் தொறந்தா, கிளியத் தூக்கிக் காட்டினாப் போதும்."

மடிப்பக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அந்தக் குடையோடு நின்ற முகம் கண்முன்னால் வந்தது. கிளிகளைப் பார்த்தாள். ஒரு கிளியின் அலகு கோணல், இன்னொன்றுக்குக் கண் நெற்றிக்கு ஏறியிருந்தது. தையல் வராத கை. கணவர் ஆசையாகச் செய்த கதவைக் கெடுத்துவிட்டு, சொல்லப் பயந்து, அவர் கண்ணில் படாமல் ஊசியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இன்று காலையில் தனக்கு இருந்த அதே பயம். பாவமாகப் போய்விட்டது.

"கழட்டுங்க கதவ" என்றாள்.

பழைய கறை லேசில் விடவில்லை. பொழுது சாயும்வரை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒருவழியாக மரத்தின் நிறம் வந்தது. கதவை மாட்டி, அதே துளைகளில் குண்டூசியைச் செருகி, கிளிகளைப் பழையபடி தொங்கவிட்டாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாத்தனார் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரின் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, அந்தக் கிளித் துணி கசங்கிக் கெடந்துச்சே, மாட்டறதுக்கு முன்னாடி அதுக்கும் இஸ்திரி போட்டுட்டேங்க."

அதற்குள் நாத்தனார் வண்டிக்குள் ஏறிவிட்டார். பின்னாலேயே அத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாத்தனாரின் கண் நேராகத் துணி அலமாரிக்குப் போனது. ஒரு சுருக்கம்கூட இல்லாமல், கத்தி மாதிரி நாலு ஓரத்தோடு கிளிகள் நின்றன. அவர் முகம் வெளுத்தது. மடிப்பக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அத்தான் மேல் கதவைத் தடவிப் பார்த்தார். "என்னம்மா, புதுசாட்டம் மின்னுது? என்ன பண்ணீங்க?"

"தப்பு என்னுதுதான் அண்ணா. ஜன்னலச் சாத்திட்டு இஸ்திரி போட்டேன். ஆவி பட்டு வெள்ள பூத்துருச்சு. தண்ணி இல்லாம அதே பெட்டியால சூடு காட்டி எடுத்துட்டேன். கறை எதுவும் மிச்சமில்ல அண்ணி. எங்கயும் இல்ல."

எங்கயும் என்பதை அவள் நாத்தனாரைப் பார்த்துத்தான் சொன்னாள். நாத்தனார் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். பார்த்தார். விட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துணியை எடுத்தார்.

"நல்ல கதவாச்சே, இத்தன நாள் எதுக்கு மறைச்சு வச்சிருந்த?" என்றார் அத்தான்.

நாத்தனார் அவர் பக்கம் திரும்பாமல் துணியை மடித்தார். ஓரம் சேரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார். அதை மடிப்பக்காவின் கையில் வைத்தார்.

"இத நீ வச்சுக்க."

மடிப்பக்கா வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

"எப்பத் திருப்பித் தரணும் அண்ணி?"

"தர வேணாம்" என்றார் நாத்தனார். சாவியை வாங்கிக்கொள்ளாமலேயே இறங்கிப் போனார்.