உட்காராமல் வந்த ஊர்

எடின்பரோ நகரத்துப் பூங்காக்களில் பெஞ்சில் தனியாக உட்காருவது கஷ்டம். பல பெஞ்சுகளின் முதுகில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். இறந்துபோன யாரோ ஒருவரின் பெயர், இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி. வந்த புதிதில் அடுத்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டதுபோல் கூச்சமாக இருக்கும். இப்போது பெயரைப் படித்துவிட்டு, கொஞ்சம் ஓரமாகத் தள்ளி உட்காருகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வரும் வழியில் எனக்கு வாய்த்தவர் ஜார்ஜ். அவர் பெஞ்சிலிருந்து பார்த்தால் கோட்டை தெரியும். கடலிலிருந்து மூடுபனி ஏறும் நாளில் பாறை கரைந்துபோய், கோட்டை மட்டும் வானத்தில் மிதக்கும். மார்கழிக் காலையில் எங்கள் ஏகாம்பரநாதர் கோபுரமும் கீழ்ப்பாதி இல்லாமல் இப்படித்தான் நிற்கும்.

போன கோடையில் அம்மாவை வரவழைத்தேன். ஊர் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. அப்பா போன பிறகு பெரிய காஞ்சிபுரத்து வீட்டில் அம்மா ஒண்டியாக இருக்கிறாள். இந்தப் பூக்களைப் பார்த்தால் மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். பூக்களாலேயே செய்த கடிகாரம், குன்றின் மேல் பாதி கட்டி நின்றுபோன தூண்கள், ரோஜாத் தோட்டங்கள் என்று ஒன்று விடாமல் கூட்டிப்போனேன். அம்மா எல்லாவற்றையும் வலப்பக்கமாகவே சுற்றினாள். எதிரே வருபவர்கள் புன்னகையோடு ஒதுங்கி வழி விட்டார்கள். கிளம்பும்போது மட்டும், எந்த இடமாக இருந்தாலும், ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தாள். முட்டி வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஜார்ஜின் பெஞ்சில் அப்படி உட்கார்ந்தாள். தகட்டில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். நான் காபி வாங்கித் திரும்புவதற்குள் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி பக்கத்தில் வந்திருந்தாள். "அவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். "எஸ், எஸ்" என்றாள். பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"நல்ல பொம்பளைமா. இன்னாத்துக்கோ அழுதுக்கினே இருந்திச்சி" என்றாள் அம்மா அப்புறம். நான் விளக்கவில்லை. விளக்கி யாருக்கு என்ன லாபம்?

கடைசி வாரம் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். அங்கே கண்ணாடி மாளிகைக்குள் நம் ஊர் வெயிலைச் செய்துவைத்திருக்கிறார்கள். உள்ளே வாழை மரம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னாமா இது, வாழையைப் போயி கண்ணாடி வூட்ல வெச்சிப் பூட்டிக்கினு இருக்காங்க!" வெகுநேரம் அதன் இலையையே பார்த்தபடி நின்றாள். அப்புறம் வழக்கம்போல வாசலருகே உட்கார்ந்தாள்.

"முட்டி வலிக்குதாம்மா?"

"முட்டிக்கு இன்னா? ஈஸ்வரன் கோயில்ல உக்காந்துதானே வருவோம், அங்கத்தது எதையும் எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு. ஊரு நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் எதையும் எடுத்துக்கினு போவலமா."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளும் ஒவ்வொரு பூந்தோட்டத்திலும் என் எதிரிலேயே உட்கார்ந்து, மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் அவளை விமானம் ஏற்றிவிட்டேன்.

இந்தத் தை மாதம் நான் காஞ்சிக்குப் போனேன். இந்த முறை அம்மா எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள். பிறந்த ஊர்தான், ஆனால் கைலாசநாதர் கோயிலை நான் நிதானமாகப் பார்த்ததே இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் அந்த மணற்கல் சிங்கங்கள் தூக்கம் கலைந்து சோம்பல் முறிப்பதுபோல் தெரிந்தன. முன்னால் புல்வெளியில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டு வந்தோம். மறுநாள் சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜர் கோயில். தரிசனம் முடிந்து குளத்தங்கரைக்கு வந்தபோது காற்று சுகமாக இருந்தது. படியில் உட்காரப் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடி! பெருமாள் கோயில்ல உக்காருவாங்களா? நேரா வூட்டுக்குப் போனாத்தான் மகாலட்சுமி கூட வருவா."

சின்ன வயதிலிருந்து தெரிந்த பழக்கம்தான். ஈஸ்வரனிடம் உட்கார்ந்து விட்டுவிட்டு வருவது, பெருமாளிடம் உட்காராமல் கூட்டிக்கொண்டு வருவது. வெளியூரில் இருந்து எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

கிளம்பும் அன்று விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது. மறுபடி ஒருமுறை கேட்டேன், வந்துவிடு அம்மா என்று. அம்மா என் பெட்டியைக் கார்ப் பக்கம் நகர்த்தினாள். ஷூ மாட்ட வாசல்படியில் உட்காரப் போனேன்.

"உக்காராத" என்றாள். "நின்னுக்கினே மாட்டு."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று மாட்டினேன். அப்போதுதான் புரிந்தது, இது பெருமாள் கோயில் கணக்கு என்று. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நேராகப் போய்க் காரில் ஏறிவிட்டேன்.

நேற்று வேலை முடிந்து பூங்கா வழியாக வந்தேன். மூடுபனியில் கோட்டை மிதந்துகொண்டிருந்தது. கால் கெஞ்சியது, ஜார்ஜின் பெஞ்சும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தால், காஞ்சியிலிருந்து என்னோடு வந்தவள் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. இன்னொன்றும் தோன்றியது: உட்காராமல் போனால் இந்த ஊரும் அல்லவா என்னோடு வந்துவிடும்? பெஞ்சின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். பனியில் நனைந்த அந்தக் கட்டை அம்மாவின் தோள் உயரம்தான் இருந்தது.