மூலை நாற்காலி உடும்பு

அந்தத் தையல் கம்பெனியில் காஜா அடிப்பவளுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஹாலின் மூலையில் கிடந்த நாற்காலியை விட்டு அவளை நகர்த்தவும் ஆள் இல்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் தந்தார்கள், வேண்டாம் என்றாள். புது மெஷின் தந்தார்கள். ஒரே நாளில் பழகிக்கொண்டாள், ஆனால் அதையும் மூலைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விஷயம் இதுதான்: அவளுக்குக் காது கேட்காது. எப்போதோ வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. மூலையில் உட்கார்ந்தால் எல்லார் முகமும் தெரியும். வாயசைவைப் பார்த்தே பிழைப்பை ஓட்டிவிடலாம். இது தெரிந்தது அங்கேயே காலர் தைக்கும் நாத்தனாருக்கு மட்டும்.

புதிதாக வந்த மேனேஜர் எல்லா மெஷினையும் சுவரைப் பார்த்துத் திருப்பினார். மூலைக்காரி மட்டும் மசியவில்லை. ஒருநாள் அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, ஹாலுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"சட்டியில தவளையைப் போட்டு மெதுவா சூடு பண்ணுனா, சுகமா உக்காந்தே வெந்து போயிடும். மாறாதவங்க கதியும் அதான்."

நிஜத் தவளை சூடு தட்டினதும் எகிறிக் குதித்து ஓடிவிடும். அதை அவரிடம் யார் சொல்வது? அவள் குனிந்த தலை நிமிராமல் காஜா அடித்துக்கொண்டிருந்தாள்.

"எருமை மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கு பாரு!" என்று மனிதர் நொந்துகொண்டார். பிறகு அவள் முன்னால் வந்து நின்று, திங்கட்கிழமை இடம் மாறாவிட்டால் வேலை இல்லை என்றார். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"உண்மையைச் சொல்லிடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார், வீட்டுக்குப் போகும் வழியில்.

"உடும்புன்னா திட்டுவாங்க. செவிடுன்னா அனுப்பிடுவாங்கடி."

திங்கட்கிழமை இருவரும் சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாராவது கூப்பிட்டால் நாத்தனார் மேசைக்கடியில் அண்ணியின் காலை ஒரு மிதி மிதிப்பாள். அண்ணி திரும்பி முகத்தைப் பார்ப்பாள். வேலை அதுபாட்டுக்கு நடந்தது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியையே அழைத்து வந்து காட்டினார். மிதி விழுந்தது, அவள் திரும்பினாள்.

"எல்லாம் அந்தத் தவளைக் கதை பண்ணுன வேலை சார். உடும்பே பிடியை விட்டுடுச்சு!"

முதலாளி சிரித்தார். ஹாலே சிரித்தது. அவளும் பணிவாகச் சிரித்துவைத்தாள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் நாத்தனாரிடம் சாய்ந்து கேட்டாள்:

"எந்தத் தவளைடி?"