பஞ்சரான பஸ்

ஊறவைத்த பழைய பேப்பரோடு வெந்தயம் அரைக்கும் வாசனை வந்ததும் பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். லாரி, ஓட்டல் என்று ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு இப்போது இந்தக் கொட்டகையில் வேலை. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கிறார்கள். அவற்றுக்கு நான் தெரு கட்டித் தருகிறேன்.

சின்ன வயதில் திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒற்றை அறை. அம்மா நிலக்கோட்டைக்குப் பூக்கட்டப் போகும்போது அக்காவையும் என்னையும் உள்ளே விட்டுப் பூட்டிவிடுவாள். நான் இனியும் அழுதால் காலி செய்யவேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முறத்தில் பூச அம்மா இதேபோல் அரைத்துவைத்த பேப்பர்க் கூழை எடுத்து, அக்கா கட்டிலுக்கடியில் எங்கள் தெருவையே கட்டினாள். சோப்பு டப்பாதான் பஸ். அதில் அம்மா வந்துகொண்டிருந்தாள்.

“கண்ண மூடு அப்பு. ம், தொற.”

ஒவ்வொரு தடவையும் பஸ் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அது வாசலுக்கு வரவும் பூட்டுத் திறக்கவும் சரியாக இருக்கும். ஒருநாள் பஸ் வந்துவிட்டது, அம்மா வரவில்லை. எனக்கு உதடு பிதுங்கியது.

“ஏலே, இது வேற பஸ்சு. அம்மா வார பஸ்சு அங்க பஞ்சராகி நிக்குது” என்று அதே டப்பாவைத் தெருமுனையில் கொண்டுபோய் வைத்தாள் அக்கா. “எல்லாரும் எறங்கித் தள்ளுறாக. நீயும் வந்து தள்ளு.”

அம்மா வரும்வரை தள்ளினேன். அழவில்லை. அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது.

“அண்ணே, பஸ் சீக்கிரம் வந்துருச்சு. பாட்டு இன்னும் முடியல. என்ன செய்ய?” என்று, எடுத்தவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார் டைரக்டர்.

“பஞ்சராக்கிருவோம் தம்பி” என்றேன். “தள்ளுறதுக்கு ஒரு சின்னப் பய பொம்மை மட்டும் வேணும்.”