ஓடுபாதைக்குக் கீழே தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு ராணுவ விமான தளத்துக்கு மண் பரிசோதனைக்குப் போனேன். நிலத்தை விற்பதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்கள் கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள்.

கேட்டைத் திறந்துவிட்டவர் அங்கேயே முப்பது வருஷம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். தளத்தை மூடிய பிறகு காவலுக்கு வைத்திருந்தார்கள். நான் துளை போடும் இடத்துக்கெல்லாம் கூடவே வந்து கதை சொல்வார். உலகப் போரின்போது சதுப்பைத் தூர்த்து ஓடுபாதை போட்டார்களாம். வியட்நாமுக்கு ஏறிப்போன பையன்களில் சிலர் பெட்டிகளில் வந்து இறங்கினார்களாம். அந்த நாட்களில் மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி நிற்பார்களாம்.

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கருக்குப் பின்னால் இருந்த பள்ளத்தையும் அவர்தான் காட்டினார். எஞ்சின் பாகங்களில் கிரீஸ் போகக் கழுவிய ரசாயனத்தை அதில்தான் ஊற்றினார்களாம்.

பரிசோதனை முடிவு வந்தது. அந்த ரசாயனம் நிலத்தடி நீரில் கலந்து, வேலியைத் தாண்டி அவர் குடியிருந்த தெரு வரை போயிருந்தது. அவர் வீட்டில் கிணற்றுத் தண்ணீர். மனைவிக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய்.

அறிக்கை வெளிவரும்வரை யாரிடமும் பேசக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்பப் போய் வாயத் திறந்தா வேலையும் போயிடும், விசாவும் போயிடும். ரிப்போர்ட் வந்தா அவருக்கே தெரியப்போவுது."

"அதுவரைக்கும் அவங்க அந்தத் தண்ணியத்தானே குடிப்பாங்க?"

நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று வாரம் அந்த மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். கடைசி நாள் உபகரணங்களை வேனில் ஏற்றும்போது, குடிக்கக் கடையில் கேன் தண்ணீர் வாங்குங்களேன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஹாங்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா இப்படி இருக்கு?" என்றார் பிறகு.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருக்கலாம் என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பள்ளத்தில் ஊற்றியவர்களில் தானும் ஒருவன் என்று ஒரே ஒருமுறை சொன்னார். உங்களுக்குத் தெரியாதே என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நிலத்தை யாரும் வாங்கவில்லை. கெட்ட தண்ணீரை இறைக்கும் பம்ப் மட்டும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.